வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பது வெறும் 50 ரூபாய்க் காகிதமா?

கேள்வி: சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம், மைக்ரோசிப் எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். இதனால் உண்மையில் பயன் உண்டா? உரிமம் வாங்கிவிட்டால் ஆட்கள் பொறுப்பாக நாய் வளர்க்கத் தொடங்கிவிடுவார்களா?

எங்கள் வீட்டு நாய் ஒருவரைக் கடித்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன்புவரை நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒரு சனிக்கிழமை காலை துணி மூட்டையோடு மாடி ஏறி வந்தார். நான் கதவைத் திறந்ததுதான் தாமதம், என் காலிடுக்கில் புகுந்து வெளியே பாய்ந்துவிட்டான் எங்கள் நாய். அண்ணனின் கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டிருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். "போட்டிருக்கோம்ணே" என்றேன். எப்போது போட்டோம்? இந்த வருடமா, போன வருடமா? டாக்டர் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி அலமாரியையே கலைத்தேன். கிடைத்தபோது, அடுத்த ஊசிக்கான தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

குழாயடியில் உட்காரவைத்து 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினோம். அதற்குள் ஓடிவந்த அவர் மனைவி, காயத்தில் வைக்கச் சுண்ணாம்பு கேட்டார். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணனுக்கோ வேறு பயம்: தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்தப் பழைய மருந்து நிறுத்தப்பட்டு எத்தனையோ வருடமாகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில்தான் போடுகிறார்கள். கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியும் எதிர்ப்புப் புரத மருந்து செலுத்தினார்கள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. நான்கு முறை போய்வந்ததில் நான்கு நாள் பிழைப்பு போனது. அதை நாங்கள் கொடுத்தோம். அவர் பட்ட பயத்துக்கு எதைக் கொடுப்பது?

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். ரேபிஸ் என்ற வெறிநோய் இருந்திருந்தால் அதற்குள் நாயிடம் தெரிந்துவிடும். அந்தப் பத்து நாளும் காலையில் வண்டியைத் திறப்பதற்கு முன் அண்ணன் மாடி ஏறி வருவார். கிரில் கம்பிக்கு வெளியே நின்று நாயையே பார்ப்பார். "சாப்ட்டானா? தண்ணி குடிச்சானா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார். ரேபிஸின் அறிகுறி வந்துவிட்டால் மனிதர் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் அங்கே நின்றார். உரிமம் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது நாய் வைத்திருப்பவருக்கான காகிதம் அல்ல; கதவுக்கு வெளியே நிற்பவருக்கான காகிதம்.

சென்னை மாநகராட்சி உரிமத்துக்கு நம் புகைப்படம், முகவரிச் சான்று, நாயின் படம், நடப்பில் உள்ள ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் ஆகியவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் 50 ரூபாய், ஒரு வருடத்துக்குச் செல்லும். எனக்கு இதில் பெரிய விஷயமாகப்படுவது அந்த ஒரு வருடம்தான். ஊசிச் சான்று இல்லாமல் புதுப்பிக்க முடியாது. என்னைப் போல ஐந்து மாதம் மறந்துபோகிறவர்களை வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிற கயிறு அது.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் இன நாய்கள் குதறிய பிறகுதான் பலருக்கு உரிமம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. 2025 கடைசியில், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, திரு.வி.க. நகர் போன்ற இடங்களில் உள்ள மாநகராட்சி மையங்களுக்குக் கூட்டம் போனது. பயத்தில் வந்த கூட்டம்தான், வரட்டும். ஆனால் பயம் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நாய் எங்கே போனாலும் கைபேசியில் காட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் காட்டாது. நாயின் தோலுக்கடியில் வைக்கும், அரிசி அளவே உள்ள அந்தச் சில்லில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உரிமையாளர் விவரம் பதிவாகியிருந்தால்தான் பயன். வீடு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவரைக் கண்டுபிடிக்க இதைவிட்டால் வேறு வழி குறைவு. ஆசைப்பட்டு, குளிர்நாட்டு நாயான ஹஸ்கியை வாங்கி, சென்னை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

வெறும் சீட்டாக நின்றுபோன உரிமம் தேறாது என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே நாய் உரிமக் கட்டணம் கடைசிவரை 37 பென்ஸ் என்ற சில்லறைக் காசிலேயே கிடந்தது. பாதிப்பேர் எடுப்பதே இல்லை என்ற நிலை வந்து, 1980களின் இறுதியில் அதையே ஒழித்துவிட்டார்கள். பிறகு 2016 ஏப்ரலில் இங்கிலாந்தில் மைக்ரோசிப் கட்டாயமானது. கனடாவின் கால்கரி நகரம் வேறு மாதிரி யோசித்தது. உரிமம் உள்ள நாய் தொலைந்தால் காப்பகத்துக்குக் கொண்டுபோகாமல் நேராக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். 'இந்தக் காகிதம் என் நாயைத் திருப்பித் தரும்' என்று ஒருவர் நம்பினால் அபராதம் சொல்லி மிரட்டவே வேண்டாம். சென்னையிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

விழிப்புணர்வுக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒரு நீண்ட அறிவிப்புப் போட்டேன். சண்டைதான் வந்தது. நாய் பிடிக்காதவர்கள் ஒரு பக்கம், வளர்ப்பவர்கள் ஒரு பக்கம். பிறகுதான் உறைத்தது: கடிபடுகிறவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடும் தம்பி, சாப்பாடு கொண்டுவருபவர், இஸ்திரி அண்ணன். கூட்டம் போட்டால் இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பத்துப் பேரை வைத்துப் பேசினோம். எங்கள் குடும்பக் கால்நடை மருத்துவர் அரைமணி நேரம் வந்திருந்தார். சின்னக் குழந்தைகளுக்கு 'மரம்' சொல்லிக்கொடுத்தார்: தெரியாத நாய் ஓடிவந்தால் ஓடாதே, கத்தாதே, கண்ணைப் பார்க்காதே, கையை மடக்கிக்கொண்டு, காலைப் பார்த்தபடி மரம் மாதிரி நில். சாப்பிடுகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், தூங்குகிற நாய் பக்கம் போகாதே. குழந்தைகள் இரண்டு தடவையில் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நேரம் பிடித்தது. வளர்ப்பவர்களான எங்களுக்கு அவர் சொன்னது மூன்றே விஷயம். மணி அடித்தால் முதலில் நாயைக் கட்டு, பிறகு கதவைத் திற. லிஃப்டில் லீஷைக் கையில் சுற்றிக் குட்டையாகப் பிடி. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடு. நடைப்பயிற்சியில் நாய் போடும் கழிவை எடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்குப் பையும் மனதும் போதும்.

அந்தக் கூட்டத்தில் வேலைக்கார அக்கா ஒருவர் கேட்டார்: "எந்த வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்குன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" யாரிடமும் பதில் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, கண் மட்டத்தில், உரிமத்தின் நகல் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே தமிழில் பெரிய எழுத்தில், கடைசியாக ஊசி போட்ட தேதி, அடுத்து போட வேண்டிய தேதி. எங்கள் மாடியில் நாய் வளர்க்கும் இன்னொரு வீட்டிலும் ஒட்டியிருக்கிறார்கள். இஸ்திரி அண்ணன் மணி அடித்துவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நிற்பார். நான் நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்கும்வரை அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருப்பார். போன மாதம், "தேதி வருதும்மா, இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு" என்று அவர்தான் நினைவுபடுத்தினார். மறுநாளே போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.