ஓசி

அன்புள்ள அக்கா,

அட்லாண்டாவில் இருந்து எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி ஒருவர் ஒன்பது வருடங்களாகத் தலைமுடிப் பொருட்களுக்கு ரிவ்யூ எழுதுகிறார், வீடியோ போடுகிறார். ரிலாக்ஸர் போட்டு நேராக்காத, இயல்பான சுருள்முடிக்கான பொருட்கள். அவர் மிகவும் நம்பிய ஒரு கம்பெனி அவ்வப்போது பெட்டி அனுப்பும். பணம் ஒரு பைசா கொடுத்ததில்லை. போன வருடம் அந்தக் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அப்புறம் பெட்டியும் இல்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை. புது விளம்பரங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் லேசான அலைமுடி. மதியம் சாப்பிடும்போது தோழி அழுதுவிட்டார். என்ன சொல்லித் தேற்றுவது?

எனக்கு உள்ளூர ஒரு சந்தேகமும் உண்டு. ஓசியில் வாங்கிய பொருளுக்கு இவ்வளவு உரிமை கொண்டாடலாமா? பழனியில் நாம் முடி கொடுக்கிறோம், காசா கேட்கிறோம்? எதையும் எதிர்பார்க்காமல் இருப்பதுதானே விசுவாசம்? இன்னொன்று, ஷியா பட்டர் நம் முடிக்கு ஒத்துக்கொள்ளுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஷியா பட்டர் கனமான கொழுப்பு. மெல்லிய நேர்முடியில் பிசுக்காக நிற்கும். கொஞ்சமாகத் தடவிப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழனி விஷயம். நாம் முடி கொடுத்தது முருகனுக்கு. அதை ஏலம் எடுத்து, தரம் பிரித்து, கப்பல் ஏற்றுகிறவருக்கு அல்ல. நம் கோயில்களில் பெண்கள் இறக்கிய நீள முடி அமெரிக்கக் கடைகளில் ஒட்டுமுடியாகத் தொங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை வாங்கித் தலையில் தைத்துக்கொள்ளும் கறுப்பினப் பெண்ணுக்கு யாராவது இனாமாகக் கொடுக்கிறார்களா? நேர்த்திக்கடனுக்கு எதிரே ஒரு சாமி நிற்கிறது. உங்கள் தோழிக்கு எதிரே நின்றது ஒரு விற்பனைப் பிரிவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இப்போது ஓசிக்கு வருகிறேன். இந்தச் சொல்லுக்காக உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். கண்டிக்கிற உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் அதே தவறை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

2011இல் வீட்டுக்காரரின் வேலைக்காக நாங்கள் சிகாகோ போனோம். இரண்டு வருடம் இருந்தோம். எதிர்வீட்டில் ஒரு கறுப்பினப் பெண், பள்ளிக்கூட கேண்டீனில் வேலை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கதவைத் தட்டக் கூடாது என்று முதல் மாதமே தெரிந்துகொண்டேன். அது வாஷ் டே. தலையை எட்டுப் பாகமாகப் பிரித்து கிளிப் போடுவார். ஒவ்வொரு பாகமாகச் சிக்கெடுத்து, அலசி, கண்டிஷனர் தடவி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி ஊறவைத்து, மறுபடி அலசி, க்ரீம் போட்டு, இரண்டிரண்டு புரியாக முறுக்கி முடிக்கும்போது வெளியே இருட்டியிருக்கும்.

நேர்முடியில் உச்சந்தலை எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட முடியில் போகாது. அதனால் வறண்டுபோகும். வளைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒடியப் பார்க்கும். அவ்வளவு கவனம் அதற்குத் தேவைப்படுகிறது.

அவருக்கு ஏழு வயதிலேயே ரிலாக்ஸர் போட்டுவிட்டார்கள். பல ரிலாக்ஸர்களில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடை அடைப்பை எடுக்கப் பயன்படும் அதே காரம். காதுக்குப் பின்னால் வெந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். நான் போவதற்குச் சில வருடம் முன்புதான் முடியை ஒரு அங்குலத்துக்கு வெட்டிவிட்டுத் தன் சொந்த முடியை முளைக்க விட்டிருந்தார். 'பிக் சாப்' என்பார்கள். வெட்டியாயிற்று, அப்புறம்? அம்மாவுக்கு அந்த முடியைப் பராமரிக்கத் தெரியாது. பாட்டி இல்லை. பெரிய கடைகளில் 'எத்னிக்' என்று ஓரமாக ஒரு சின்ன அலமாரி, அதிலும் பாதி ரிலாக்ஸர். இந்த முடியை எப்படி நேராக்குவது என்று பெரிய கம்பெனிகள் எத்தனையோ வருடம் யோசித்தன. அது அதுவாகவே இருக்க என்ன வேண்டும் என்பதைப் பெண்கள்தான் தங்கள் தலையிலேயே சோதித்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அவரும் எழுதினார், வீடியோ போட்டார். பொருள் அனுப்பினார்கள். ஒருநாள் வாசலில் கிடந்த பெட்டியை எடுத்துக்கொடுத்து, "எல்லாம் இலவசமா? உங்களுக்கு யோகம்தான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அந்த நோட்டைப் பற்றி நான் எத்தனையோ முறை எழுத நினைத்திருக்கிறேன். இடது பாதித் தலைக்குப் புதுப் பொருள், வலது பாதிக்குப் பழையது. நான்கு வாரம். தேதி, அன்றைய குளிர், தண்ணீர், சீப்பில் வந்த முடி, மூன்றாம் நாள் காலையில் முடி எப்படி இருந்தது. கிளிசரின் சேர்ந்த ஒரு க்ரீம் ஜூலையில் நன்றாக வேலை செய்கிறது, ஜனவரி வறட்சியில் முடியை முறமுறவென்று ஆக்குகிறது என்று எழுதியிருந்தார். இதைச் சம்பளம் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்ய வைத்தால் அந்த வேலைக்குப் பெயர் வேறு.

கணக்குப் போடுவோம். பாட்டில் 12 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷ் டே ஐந்து மணி நேரம், நான்கு வாரத்துக்கு இருபது மணி. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஆகமொத்தம் 145 டாலர். எப்படியும் தலைக்குக் குளிக்கத்தானே போகிறார் என்பீர்கள். சரி, பாதியாக்குங்கள். அப்போதும் ஆறு பாட்டில் விலை. எழுதியது, வீடியோ எடுத்தது, 'என் பொண்ணுக்கு இதைப் போடலாமா' என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்ட தாய்மார்களுக்குப் பதில் சொன்னது எதையும் நான் சேர்க்கவில்லை. உங்கள் தோழி இதை ஒன்பது வருடம் செய்திருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குக் கட்டணம் கிடையாது, 'ஓ.சி.' என்று முத்திரை குத்தினால் போதும், அதிலிருந்துதான் ஓசி என்ற சொல் வந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையிலும் ஓசியில் காரியம் நடத்திக்கொண்டது கம்பெனிதான். இதை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதிப்படி, இலவசமாக வந்த பொருளைப் பற்றி எழுதுகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர் ஏமாறக் கூடாதே. நல்ல விதி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் பாட்டில் ஓர் ஆதாயமாகக் கணக்கில் வருகிறது, இருபது மணி நேரம் வருவதில்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். லூசியானாவில் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த சாரா பிரீட்லவ், மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் முடிப் பொருட்கள் விற்றுப் பணக்காரர் ஆனார். அதற்கு முன் ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்ணின் பொருட்களை விற்கும் ஏஜெண்டாக அவரே இருந்தவர். 1917இல் தன் ஏஜெண்டுகளைப் பிலடெல்பியாவில் கூட்டி மாநாடு நடத்தினார். நிறைய விற்றவர்களுக்குப் பரிசு, தர்மகாரியம் அதிகம் செய்தவர்களுக்கும் பரிசு. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தலையைப் பார்த்து 'இதைப் போடு' என்று சொல்லும் வார்த்தைக்கு அன்றைக்குக் கமிஷன் இருந்தது. நூறு வருடத்துக்கு அப்புறம் அதே வார்த்தைக்கு ஒரு பாட்டில், ஒரு நன்றி அட்டை.

கறுப்பினத்தவர் தொடங்கிய முடிப்பொருள் கம்பெனிகள் கைமாறியதற்கு நான் அழமாட்டேன். 1993இல் ஜான்சன் ப்ராடக்ட்ஸ், 1998இல் சாஃப்ட்ஷீன், 2014இல் கரோல்ஸ் டாட்டர் என்று வரிசையாக விற்கப்பட்டன. உழைத்து வளர்த்தவர் விற்கிறார், விற்கட்டும். கறுப்பினத்தவர் தொழில் தொடங்கினால் மட்டும் கடைசிவரை விற்கக் கூடாது என்று சொல்ல நாம் யார்? எனக்கு வலிப்பது வேறு இடம்.

2017 ஏப்ரலில், கறுப்பினப் பெண்கள் நம்பி வாங்கிய ஷியா மாய்ஸ்சர் என்ற முடிப்பொருள் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. முடியால் பட்ட மனவேதனையைப் பேசுகிற விளம்பரம். அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பெண்கள். இறுக்கமான சுருள்முடிக்காரர் ஒருவர்கூட இல்லை. வேலைக்குப் போன இடத்திலும் பள்ளியிலும் முடிக்காக அவமானப்பட்டவர்கள் யார்? அவர்களைக் காக்கவே கலிபோர்னியா 2019இல், முடிக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் கிரவுன் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கம்பெனி உடனே விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் நவம்பரில் யூனிலீவர் அந்தக் கம்பெனியை வாங்கும் அறிவிப்பு வந்தது. நிறுவனர் அப்போது பெண் தொழில்முனைவோருக்காக ஒரு நிதி ஏற்பாடு செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிதி தொழில் தொடங்குகிறவர்களுக்கு. நோட்டுப் போட்டு எழுதியவர்களுக்கு எதுவும் இல்லை.

மியெல் கதையும் கிட்டத்தட்ட இதே. சிகாகோவைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர் 2014இல் தொடங்கிய கம்பெனி. அதன் ரோஸ்மேரி எண்ணெயைக் கறுப்பினப் பெண்கள் வருடக்கணக்கில் பரிந்துரைத்துவந்தார்கள். 2022 டிசம்பர் கடைசியில் ஒரு வெள்ளையின டிக்டாக் பிரபலம் அதைப் புகழ்ந்தார். உடனே ஊரெல்லாம் அதே பேச்சு. வழக்கமாக வாங்குகிறவர்கள் தங்களுக்குக் கிடைக்காமல் போகுமோ, கலவையை மாற்றிவிடுவார்களோ என்று பதறினார்கள். கலவையை மாற்ற மாட்டோம் என்று கம்பெனி சொன்னது. 2023 ஜனவரியில் பி அண்ட் ஜி என்ற பெரிய நிறுவனம் மியெலை வாங்கும் அறிவிப்பு வந்தது. அந்தப் பதற்றத்தைப் பொறாமை என்று சிலர் எழுதினார்கள். ஒரு பொருளைத் தன் தலையில் வைத்துச் சோதித்து வளர்த்தவர் பதறாமல் வேறு யார் பதறுவார்?

இன்னொன்றும் சொல்கிறேன். 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று வந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தும் பெண்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு அந்தச் சிகாகோ சமையலறைதான் ஞாபகம் வந்தது. யாரும் சொல்வதற்குப் பல வருடம் முன்பே, 'ரிலாக்ஸர் இல்லாமல் வாழலாம், இப்படிச் செய்து பார்' என்று முகம் தெரியாத பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதைப் போய் நான் யோகம் என்றேன்.

விசுவாசம் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவராதீர்கள் அம்மா. கம்பெனிக்கு ஆண்டுக் கணக்கு உண்டு, பங்கு உண்டு, வாங்கிய விலை உண்டு. உங்கள் தோழிக்கு மட்டும் எதையும் எதிர்பார்க்காத மனசு வேண்டுமா?

தேற்ற வார்த்தை எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இனி யாராவது பெட்டி அனுப்பினால் 'என் கட்டணம் இது' என்று முதல் மெயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் நீங்கள் எழுதிக்கொடுங்கள், உங்களுக்கு நன்றாக எழுத வருகிறது.

அப்புறம் ஒரு அவசர வேலை. ஒன்பது வருட ரிவ்யூக்களில் எத்தனைக்கு அவர் கையில் பிரதி இருக்கிறது? கம்பெனியின் தளத்திலேயே எழுதியவை, அந்தப் பொருளை நிறுத்தி அதன் பக்கத்தை எடுத்துவிட்டால் கூடவே போய்விடும். அதற்குள் ஒவ்வொன்றாக எடுத்து, தேதியோடு சேமித்துவைக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும். இந்த வார இறுதியில் லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு மதியம் வேண்டாம், சனிக்கிழமை போங்கள்.