சிஏ 19-9 ஏறாத அப்பாவும் சர்க்கரை போடாத காபியும்

கே: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. ஆனால் சிஏ 19-9 வெறும் 2. லேப் தப்பா? (வாசகர், பெரம்பூர்)

லேப்பைத் திட்ட வேண்டாம். சிஏ 19-9 என்பது கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறும் ஒரு குறியீடு; புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி. அதைக் கட்ட எஃப்யூடி3 என்ற நொதி வேண்டும். 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அது பிறவியிலேயே வேலை செய்வதில்லை; 'லூயிஸ் நெகட்டிவ்' என்பார்கள். கட்டி வளர்ந்தாலும் அவர்களுக்கு இந்த எண் பெரிதாக ஏறாது. அப்பாவும் அந்த ரகமாக இருக்கலாம். சிகிச்சை பலிக்கிறதா என்பதை சிடி ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

நேர்மாறும் உண்டு. பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் புற்றுநோய் இல்லாமலே எண் எகிறும். பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்) இறங்கிய பிறகு எடுத்துப் பார்ப்பதே சரி.

கே: இந்தச் சர்க்கரைக்கும் நோய் பரவுவதற்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவி, கிண்டி)

நிறையவே. செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஈ-கேடரின் என்ற புரதம் உதவுகிறது. பல புற்றுச் செல்களில் ஜிஎன்டி-5 என்ற நொதி கூடி, இதன்மேல் கிளைவிட்ட சங்கிலிகளை ஒட்டுகிறது; பிடி தளர்கிறது. செல் கழன்று ரத்தத்தில் கலக்கிறது. அப்புறம் எங்காவது இறங்க வேண்டுமே? வீக்கம் உள்ள இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்ற வெள்ளணுக்கள் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற சங்கிலியைக் காட்டும்; சுவரிலுள்ள ஈ-செலக்டின் அதைப் பிடித்துக்கொள்ளும். புற்றுச் செல்லும் அதையே அணிந்து வருகிறது, அடுத்தவர் பாஸில் மாநகரப் பேருந்து ஏறுவது மாதிரி. பெரம்பூர் வாசகர் கேட்ட சிஏ 19-9 இதன் உடன்பிறப்புதான். அதுவும் ஈ-செலக்டினில் ஒட்டும். போதாததற்கு, சங்கிலி நுனியிலுள்ள சியாலிக் அமிலம் நோயெதிர்ப்புச் செல்களின் சிக்லெக் ஏற்பிகளைத் தொட்டு அவற்றை அடக்கிவிடும்.

ஜிஎன்டி-5 மரபணுவை நீக்கிய எலிகளில் மார்பகக் கட்டியின் வளர்ச்சியும் பரவலும் குறைந்ததை 2000-இல் காட்டினார்கள். எலிகளில்தான், மறக்க வேண்டாம்.

கே: காபியில் சர்க்கரையை நிறுத்தினால் பரவாதா? (மயிலாப்பூர்)

இல்லை. இந்தச் சங்கிலிகளுக்கான சரக்கை ரத்தக் குளுக்கோஸிலிருந்து செல்லே தயாரித்துக்கொள்ளும். இட்லி, சோறு எல்லாமே குளுக்கோஸ்தான். நீரிழிவு இருந்தால் தாராளமாக நிறுத்துங்கள். கீமோவில் எடை குறைகிறவரைப் பட்டினி போடாதீர்கள்.

கே: வயது 28. மாஸ்டர் செக்கப்பில் சிஏ-125 அளவு 52. தூக்கமே இல்லை. (வேளச்சேரி)

35-க்கு மேல் என்றதும் சிவப்பில் அச்சடித்துவிடுகிறார்கள். இதுவும் சர்க்கரை போர்த்திய புரதம்தான்; சினைப்பைப் புற்றுநோய்க்கான குறியீடு. ஆனால் மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பம் எதிலும் ஏறும். தொந்தரவு இல்லாத இளம்பெண்ணுக்கு இதை ஏன் பேக்கேஜில் சேர்க்கிறார்களோ! மாதவிடாய் முடிந்ததும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.