சரக்கைப் பிடித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: மாணவர்களே நாடுகளின் பிரதிநிதிகளாக விவாதிக்கும் மாதிரி ஐ.நா. மாநாட்டின் போதைப்பொருள் ஆணையத்தில் கொலம்பியாவின் பிரதிநிதியாகப் பேசவிருக்கிறேன். எதை வலியுறுத்தலாம்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: போதைப்பொருள் கடத்தலுக்கு எதிராக 1988ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய ஐ.நா. உடன்படிக்கையை முதலில் முழுமையாகப் படியுங்கள். வங்கி இரகசியத்தைக் காரணம் காட்டி, ஒரு நாடு மற்றொரு நாட்டின் விசாரணைக்கு உதவ மறுக்கக் கூடாது என்று அதன் 7ஆம் பிரிவு கூறுவதே அந்த ஆவணத்தின் உயிர்நாடி என்பேன். சரக்கு பிடிபட்டாலும் பணம் தப்பிவிட்டால் கடத்தல் ஓயாது.

கொலம்பியாவுக்கோ, போதைப்பொருள் தயாரிப்புக்கு உதவும் வேதிப்பொருள்களைக் கண்காணிக்கச் சொல்லும் 12ஆம் பிரிவும் கைகொடுக்கும். கொக்கெய்னைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற வேதிப்பொருள்கள், முறையான தொழில்களுக்கும் தேவைப்படுவதால், உரிய கண்காணிப்பு இல்லாவிட்டால் கடத்தல்காரர்களிடம் எளிதில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, கொக்கெய்னுக்கு மூலமான கோக்கா செடியைப் பயிரிடும் ஏழை உழவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அந்த வேதிப்பொருள்களை ஏற்றுமதி செய்யும் நாடுகள் தம் கடமையைச் செய்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள்.