மகன் வீட்டோடு போகத் தயக்கமாக இருக்கிறது

வணக்கம்.

எனக்கு 63 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சோழவந்தானில் சொந்த வீடு. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீடு அவர் சம்பாதித்து வாங்கியது, இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உயில் எதுவும் எழுதவில்லை. மகன் மதுரையில் ஐயர் பங்களா பக்கம் வாடகைக்கு இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 3. மகள் திருப்பூரில்.

இந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தோடு லோனும் போட்டு, மதுரையில் மாடி வைத்துக் கட்டினால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்கிறான் மகன். மருமகளுக்கும் சம்மதம்தான். "வாங்கத்தை, பிள்ளைங்களுக்கும் ஆள் வேணும்" என்று அவளே கூப்பிடுகிறாள். மகள் மட்டும் "விக்காதம்மா" என்கிறாள். கூப்பிட்டு வைத்துக்கொள்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

காரணத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வாக்கப்பட்டு வந்தது வடக்கு மாசி வீதியில் 11 பேர் இருந்த வீட்டுக்கு. நான் குழம்பு வைத்து இறக்கியதும் மாமியார் வந்து கரண்டியைப் போட்டு, உப்போ புளியோ சேர்த்து ஒரு கலக்குக் கலக்குவார். 14 வருடம், ஒருநாள்கூட நான் வைத்தபடி என் குழம்பு சோற்றுக்குப் போனதில்லை. அப்புறம்தான் சோழவந்தான் வந்தோம். மாமியார் போய்ச் சேர்ந்தும் 20 வருடம் ஆகிவிட்டது.

போன மே லீவில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். ஒருநாள் மருமகள் காரக்குழம்பு வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். சும்மா ருசி பார்க்கத்தான் அடுப்படிக்குப் போனேன். கை தன்னால் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டது. சாப்பிடும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் "இன்னைக்கு நீங்களே வச்சிருங்கத்தை" என்றாள். ராத்திரி மகன் வந்து, "அவ முகமே சரியில்லையே, நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் வரவில்லை என்று சொன்னால் அது சுயநலமா?

பதில்:

அம்மா,

சுயநலம் இல்லை. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். கடிதத்தில் கனமாக இருப்பது புளிதான், அதற்கு வருகிறேன்.

தான் பட்டதையே தன் கையால் இன்னொருவருக்குச் செய்துவிடுவது அபூர்வம் இல்லை. கெட்ட மனசுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுப்படியில் ஒரு மாமியார் என்ன செய்வார் என்று நீங்கள் 14 வருடம் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். நீங்களே மாமியாராகப் போய் நின்றபோது கைக்குத் தெரிந்த வேலை அதுதான். ஆனால், செய்த மறுநாளே அது உங்களுக்கு உறைத்திருக்கிறது. உங்கள் மாமியாருக்கு உறைத்ததா என்று தெரியாது. உறைத்திருந்தாலும் மருமகளிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரே கூரை என்றதும் ஒரே அடுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்துக்கு அவற்றைத்தான் உதாரணம் காட்டுவோம். ஆனால் அங்கே கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. அதே வீட்டுக்குள் அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. விசேஷம் என்றால் எல்லோரும் ஒன்று. அதற்குப் பெயர் சண்டை போட்டுப் பிரிவது இல்லை, முறைப்படி பெரியவர்களே செய்து வைப்பது. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு குடும்பம் என்பது ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான். ஆகவே வீடு கட்டுவதானால், கீழே உங்களுக்கு ஒரு சின்ன சமையல்கட்டு வேண்டும் என்று பிளான் போடும்போதே சொல்லுங்கள். காபி போட ஒரு மேடை என்று சுருக்கிவிடுவார்கள், விடாதீர்கள்.

மகன் ராத்திரி வந்து கேட்டதையும் கவனிக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்து அதைத் தணிக்கப் பார்ப்போம் என்று சொன்னவர் மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். அவர் அதை முக்கோணம் என்பார். உங்கள் மகன் அந்த மூன்றாவது மூலையில் நிற்கிறார். பாசத்தில்தான் கேட்டார், ஆனால் அவர் கேட்டதால் நீங்களும் மருமகளும் பேசிக்கொள்ள வேண்டியது நின்றுபோனது.

இனி சொத்து. 'விக்காதம்மா' என்று மகள் சொல்வதை வெறும் யோசனையாக எடுத்துக்கொள்ள முடியாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியம், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மாமியார் முன்பே இறந்துவிட்டதால் உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மகள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. விற்றால், உங்கள் பங்குப் பணத்துக்கு ஈடாகப் புது வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரும் ஏறட்டும். மகனுக்கே எழுதிக் கொடுப்பதானால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்துக்குள் இருக்கட்டும். அப்படி இருந்து அவர் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மகனைச் சந்தேகப்படுவதாக அவருக்குத் தோன்றலாம். தோன்றட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், இந்த வருடம் விற்க வேண்டாம். மகன் இருக்கும் தெருவிலேயே ஒரு சின்ன போர்ஷன் வாடகைக்குப் பிடித்து ஒரு வருடம் இருந்து பாருங்கள். சோழவந்தான் வீட்டுச் சாவி உங்கள் முந்தானையிலேயே இருக்கட்டும். 'பிள்ளைங்களுக்கு ஆள் வேணும்' என்று மருமகள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் அதே மாதிரி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பார்ப்பேன், எந்தக் கிழமை ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிடுங்கள். 3 வயசுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட 63 வயது முழங்கால் ஒத்துழைக்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வடக்கு மாசி வீதி வீட்டுக் கதை உங்கள் மருமகளுக்குத் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் போய் அதைச் சொல்லுங்கள், புளி ஊற்றியது நான்தான் என்பதையும் சேர்த்து. அன்றைக்குக் குழம்பை அவரே வைக்கட்டும். நீங்கள் பேத்தியோடு கூடத்தில் இருங்கள்.