மண்டபமா, காலனியா? ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவுக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச வகுப்பு நடத்த விரும்புகிறோம். முதலில் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா? கோயில் மண்டபத்தைத் தருவதாக ஊரில் சொல்கிறார்கள், அங்கே நடத்தலாமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வது சரியா?
- விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: மண்டபத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டில் தவறினால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இடத்தில் தவறினால், யாருக்காகத் தொடங்கினீர்களோ அந்தப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். காலனிப் பிள்ளை ஊர்த்தெரு மண்டபத்தின் படியேறுமா என்பது முப்பது ஆண்டு அங்கே பாடம் நடத்திய உங்களுக்குத் தெரியும். "நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே" என்பது போதாது. தயங்கி நின்று திரும்பிப் போகிற பிள்ளையை எவரும் கைநீட்டித் தடுத்திருக்க மாட்டார்கள்.

பள்ளி வராந்தாவைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காலனியிலேயே நடத்துங்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் உங்கள் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில்தான் தொடங்கப்பட்டது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், அதுவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே. அதன் பலமே அந்தப் 'பக்கத்தில்' என்பதுதான். ஊர்த்தெருப் பிள்ளைகளையும் அங்கே அழைத்து வாருங்கள். அவர்களுடைய பெற்றோரில் பலர் உங்களிடம் படித்தவர்கள். வேறு எவர் சொன்னாலும் தயங்குகிறவர்கள், தங்கள் பழைய வாத்தியார் வாசலில் வந்து நின்றால் மறுக்க மாட்டார்கள். உங்கள் ஒன்பது பேரிடமும் இருக்கிற பெரிய சொத்து இந்த மரியாதைதான். அதை இதற்குச் செலவிடுங்கள்.

அடுத்து, யாருக்கு? பத்தாம் வகுப்பை விடுங்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்காகப் பள்ளியே அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்துகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேடுங்கள். எட்டாம் வகுப்பு வரை சத்தமில்லாமல் நகர்ந்துவந்து, ஒன்பதில் திணறி, பத்தில் நின்றுவிடுகிறவர்கள் இவர்கள்தான். கண்டுபிடிக்கத் தேர்வுத்தாள் வேண்டாம். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் முறை எளியது: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்கில் எண்ணறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே, மற்றவர் காதில் விழாத தூரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார்களோ அந்தப் படியை வைத்துக் குழு பிரியுங்கள், வகுப்பைப் பார்க்காதீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லில் நின்றால் சொல்லில்தான் தொடங்க வேண்டும். உயர்நிலையில் பாடம் எடுத்தவர்களுக்கு இது கடினம். உங்கள் குழுவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தால், முதல் மாதம் மற்ற எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பாடத்துக்கு இணையாகவே நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகள் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் பகுதியில் 90, பாடப் பகுதியில் 90 கேள்விகள். தேர்வாகியும் ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறொரு பெயர் என்பதால் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் இழப்பவர்களும் இருக்கிறார்கள். படித்த வீட்டில் இதையெல்லாம் அப்பாவோ அம்மாவோ பார்த்துக்கொள்வார்கள். படிக்காத வீட்டில் அந்த இடம் காலி. அதில் நீங்கள் உட்காருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கும், கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது பார்க்கப்படுகிறது. இதை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே பெற்றோரிடம் சொல்லுங்கள். இடையில் இரண்டு ஆண்டு கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பிறகு வருந்தும் குடும்பங்கள் உண்டு. வேன் ஏறி வர முடியாத, முழங்கால் வலியுள்ள உறுப்பினருக்கு ஏற்ற வேலை இது. வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம்.

பதிவு இப்போது வேண்டாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் அமைக்கலாம். உங்களுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நாள் வரும்வரை அதற்கு அவசரமில்லை. யார் தலைவர், யார் செயலாளர் என்பதிலேயே நட்பு முறிந்து, ஒரு வகுப்புகூட நடத்தாமல் கலைந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அங்கே போகும்போது நீங்கள் முன்னாள் தலைமையாசிரியர் என்பதை மறந்துவிடுங்கள். இன்றைய ஆசிரியரின் குறிப்பேட்டைப் புரட்டிக் குறை சொன்னால் அன்றே கதவு மூடிவிடும்.

பிரம்பு கூடாது. கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. உங்கள் மாலை வகுப்பிலும் அதையே கடைப்பிடியுங்கள். எந்தப் பிள்ளையோடும் ஒருவர் மட்டும் தனி அறையில் இருக்க வேண்டாம். கதவு திறந்தே இருக்கட்டும், இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும்.

கடைசியாக, குழுவைக் கொஞ்சம் விரியுங்கள். திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பிறகு தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு, பி.எட். பட்டத்தோடு வீட்டிலிருக்கும் பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களும் முன்னாள் ஆசிரியர்கள்தான். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஒன்பது பேரும் மாதம் ஒரு தொகை போட்டு, அதிலிருந்து அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுங்கள். மாதத்தின் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.