டைட்டில் ஒன் பணம் வாங்கும் பள்ளி மாவட்டம் எதற்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும்?

உங்கள் கேள்வி: மகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளி ‘டைட்டில் ஒன்’ பள்ளி என்று கடிதம் வந்திருக்கிறது. ஃபெடரல் அரசின் பணத்தை வாங்குவதற்குப் பள்ளி மாவட்டம் என்னென்ன நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்? உண்மையில் நிறைவேற்றுகிறதா?

நான் ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஃபெடரல் பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டுவது பெரிய விஷயமே இல்லை. மாவட்டத்தின் சொந்தப் பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டுவதில்தான் உயிர் போகும். பள்ளிகளின் வரவில் பெரும்பகுதி சொத்து வரியும் மாநில அரசு தருவதும். கோவிட் கால உதவியைத் தள்ளிவிட்டால், நாடு முழுக்க ஃபெடரல் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதி ஒன்பதுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் என்று 1965-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டம் கொண்டுவந்தார். அந்தப் பகுதிதான் டைட்டில் ஒன். அந்தப் பணத்தைப் பல மாவட்டங்கள் பொதுச் செலவுக்குத் திருப்பிவிட்டதை 1969-ல் வெளிவந்த ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியது. பேத்தியின் டியூஷனுக்கென்று பாட்டி பணம் அனுப்ப, அதுவரை தான் கட்டிவந்த டியூஷன் பணத்தில் அப்பா டிவி வாங்கிக்கொள்வது மாதிரி. பாட்டி பணம் டியூஷனுக்குத்தான் போனது, ரசீதும் இருக்கிறது. பேத்திக்கு என்ன லாபம்? அதனால் 1970-ல், ஃபெடரல் பணம் உள்ளூர்ப் பணத்தோடு கூடத்தான் சேர வேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது என்று விதி போட்டார்கள்.

முன்பெல்லாம் இதை ஒவ்வொரு செலவாக நிரூபிக்க வேண்டும். 2015-ல் வந்த எஸ்ஸா (ESSA) என்ற ஃபெடரல் கல்விச் சட்டம் அதை மாற்றியது. மாநில, உள்ளூர்ப் பணத்தைப் பள்ளிகளுக்கு எந்தக் கணக்கில் பிரிக்கிறோம் என்று எழுதி வைத்து, டைட்டில் ஒன் பள்ளி என்பதற்காக யாருக்கும் குறைக்கவில்லை என்று காட்டினால் போதும். ஆனாலும் பழகிய கை விடுவதில்லை. ஒரு பெட்டி பென்சில் வாங்கக்கூட ‘இது கூடுதல் செலவுதானா?’ என்று விளக்கக் கடிதம் கேட்கும் மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஒப்பீட்டுக் கணக்கு. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். டைட்டில் ஒன் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் உள்ளூர்ப் பணத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி வசதி கிடைக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் மாணவர்-ஊழியர் விகிதத்தை வைத்துச் செய்வோம். மற்றப் பள்ளிகளின் சராசரி, ஓர் ஊழியருக்கு 15 மாணவர் என்று வையுங்கள். டைட்டில் ஒன் பள்ளி அதில் 110 சதவீதம், அதாவது 16.5 வரை போகலாம். 480 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 28 ஊழியர் இருந்தால் 17.1. தேறாது. கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தால் 33 பேர் நடமாடுவார்கள்; அதில் ஐந்து பேருக்குச் சம்பளம் டைட்டில் ஒன்னிலிருந்து, அவர்களை எண்ணக்கூடாது. பள்ளி முதல்வருக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடைசியில் வருடத்தின் நடுவில் இன்னும் இரண்டு ஆசிரியர்களை உள்ளூர்ப் பணத்தில் அங்கே அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு கறாரான கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பணி ஆண்டுகளால் வரும் சம்பள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. இருபது வருட அனுபவமுள்ளவரும் போன மாதம் சேர்ந்தவரும் தலைக்கு ஒன்றுதான். அனுபவசாலிகள் வசதியான பகுதிப் பள்ளிகளுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட, ஏழைப் பகுதிப் பள்ளியில் புதியவர்களே நிறைந்திருந்தாலும் தாளில் எல்லாம் சமம். இது தெரியாமல் நடந்த பிழை என்று நான் நம்பவில்லை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஐடியா சட்டத்தில் கதை வேறு. அங்கே உள்ளூர்ச் செலவைப் போன முறையைவிடக் குறைக்கவே கூடாது (டைட்டில் ஒன்னில் 90 சதவீதம் இருந்தால் போதும்). மூத்த சிறப்பு ஆசிரியர் ஓய்வு பெற்று, குறைந்த சம்பளத்தில் இளையவர் வந்தால் விலக்கு உண்டு. செலவு மிகுந்த பராமரிப்பு தேவைப்பட்ட பிள்ளை வேறு ஊருக்குப் போனாலும் உண்டு. ஆனால் பேரம் பேசி, அதே பேச்சுப் பயிற்சியை மலிவான நிறுவனத்திடம் வாங்கினால்? விலக்கு இல்லை. சிக்கனமாக இருந்ததற்கே பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம். மொத்தத் தொகையாகவோ தலைக்கு இவ்வளவு என்றோ நான்கு விதமாகக் கணக்கிட்டு, ஒன்றில் தேறினாலும் போதும் என்பது ஓர் ஆறுதல்.

மற்றபடி சம்பளப் பதிவு, பொருள் பட்டியல், டெண்டர் எல்லாம் வழக்கமான அலுவலக வேலை. பாதிச் சம்பளம் டைட்டில் ஒன்னிலிருந்து வாங்கும் ஆசிரியர் பாதி நேரம் அந்த வேலைதான் பார்த்தார் என்பதற்குப் பதிவு வேண்டும். ஃபெடரல் செலவு வருடத்துக்கு 7,50,000 டாலரைத் தொட்டால் தனி ஆடிட் கட்டாயம் என்று இருந்தது. 2024 அக்டோபர் முதல் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது 10 லட்சம் டாலர்.

நிறைவேற்றுகிறார்களா என்றால், தாளில் பெரும்பாலும் ஆம். அந்தச் சம்பள ஓட்டை உங்கள் மகளின் பள்ளியில் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்க்கலாம். எஸ்ஸா சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் தொகையை, உண்மைச் சம்பளத்தை வைத்தே, பள்ளிகளைப் பற்றி மாநிலம் வெளியிடும் ‘ரிப்போர்ட் கார்டில்’ காட்ட வேண்டும். மகளின் பள்ளியையும் அதே மாவட்டத்தில் டைட்டில் ஒன் இல்லாத இன்னொரு பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபெடரல் பணம் தனி வரியில் இருக்கும். அதை விட்டுவிட்டு, மாநில, உள்ளூர்ப் பணத்தை மட்டும் ஒப்பிடுங்கள். டைட்டில் ஒன் பெற்றோர் கூட்டத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது பள்ளி நடத்தியாக வேண்டும். அந்த இரண்டு எண்களையும் அங்கே எடுத்துப் போய், ஏன் இந்த வித்தியாசம் என்று கேளுங்கள்.