குளிர்காய்ச்சலுக்குப் பார்லி தண்ணீர் போதாது

கேள்வி: வயது 31. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். பீஸ் ரேட் வேலை என்பதால் அடிக்கடி எழுந்து போக முடியாது. பகல் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கிறேன். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. மதியம் தலைவலி. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் நின்றுவிடும். போன வாரம் கடுப்போடு குளிர்காய்ச்சலும் வலது பக்க முதுகுவலியும் ஒரு நாள் இருந்தது. மாத்திரையும் பார்லி தண்ணீரும் எடுத்தேன், இப்போது இல்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மாமாவுக்குச் சர்க்கரையால் டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமா? தினம் ஐந்து லிட்டர் குடிக்கட்டுமா?

பதில்: மாமாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது சர்க்கரை. அதை உங்கள் தண்ணீர் டம்ளரோடு முடிச்சுப் போடாதீர்கள். சிறுநீர் மஞ்சளாகப் போவது, சிறுநீரகம் தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வைக்கிறது என்பதற்கு அடையாளம். தலைவலியும் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் குளிர்காய்ச்சல். வெறும் கடுப்பு என்றால் கிருமி பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. அதோடு காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குக் கீழே ஒரு பக்க முதுகுவலி சேர்ந்தால் அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மறுபடி அப்படி வந்தால், ஷிப்ட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாந்தியும் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இப்போது அடங்கியிருந்தாலும் இந்த வாரமே போய் சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது), இரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன், இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மாத்திரை. அதன் பெயர்கூட உங்களுக்குத் தெரியவில்லை! ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு இரண்டு நாள் போட்டு நிறுத்தினால் கடுப்பு அடங்கும், கிருமி மிஞ்சும். அடுத்த முறை அதே மருந்துக்கு அது மசியாமல் போகலாம். கூடவே டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையும் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தை அடிப்பது அதுதான். யூடியூப் பயமுறுத்தலைவிட இதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஐந்து லிட்டர் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவு போதும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். வெயில் காலத்தில், அயர்ன் செக்‌ஷன் பக்கம் உட்கார்ந்தால் கூடுதலாக. குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது, தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பயனில்லை. டீ பிரேக், சாப்பாட்டு நேரம் இரண்டிலும் கட்டாயம் போய்விட்டு வாருங்கள். இடையில் முட்டினால் அப்போதும் எழுந்து போங்கள். குடிதண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தொழிலாளர் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை, சூப்பர்வைசர் காட்டும் தயவு அல்ல. நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

கல்ச்சர் கொடுக்கப் போகும்போது, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள். இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.